அக்காவுக்கு முதலில் இருட்டும்

எங்கள் சந்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இருட்டும். முதலில் அக்காவுக்கு, அப்புறம் மற்ற எல்லோருக்கும்.

இரண்டுக்கும் நடுவே அதிக நேரம் இல்லை. ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, ஆற்றி, குடித்து முடிக்கிற நேரம். அப்போது வானத்தில் இன்னும் வெளுப்பு மிச்சமிருக்கும். தையல்காரர் கடைவாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் பந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு தடவை மோதிவிட்டுத் திரும்பும். அத்தனை வெளிச்சம் இருக்கும்போதே, யாரோ கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திவிட்டதுபோல, அக்காவுக்கு எல்லாம் மூடிக்கொள்ளும்.

மாலைக்கண். பகலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட மூக்கருகில் கொண்டுபோகாமல் படித்துவிடுவாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அது போதும். "பகல் பார்வை இன்னும் ரொம்ப வருஷம் வரும். சாயங்காலத்தை மட்டும் மறந்துடும்மா" என்று கண் மருத்துவர் சொன்னபோது, "பாதி நாள் மிச்சம் இருக்கில்ல, போதும் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள். கடையில் யாருக்கும் சொல்லவில்லை. சந்திலும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பகல் நீண்டிருந்த மாதங்களில் சிக்கல் இல்லை. வெயில் இருக்கும்போதே அவள் பேருந்து வந்துவிடும். பகல் சுருங்கத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து சில படிகள் இறங்கினால் சந்து. படி முடிகிற இடத்தில் மூடி உடைந்த சாக்கடை. அதைத் தாண்டினால் தையல்காரரின் நீளச் சுவர், ஒரு வளைவு, வளைவில் ஒற்றைத் தெருவிளக்கு. அந்த விளக்கு எரிந்தால் அக்காவுக்குப் படியும் தெரியும், சாக்கடையும் தெரியும். ஆனால் ஊருக்கு இருட்டினால்தான் அது எரியும். அக்கா வருவதோ அதற்குக் கொஞ்சம் முன்னால்.

ஒரு நாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா மருந்து போட்டுக்கொண்டே தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

"இன்னொரு தடவை விழுந்து எந்திரிச்சு வந்தே, அதோட வேலைக்கு முழுக்கு. சொல்லிட்டேன்."

"விழுந்து எந்திரிக்காம அங்கேயே படுத்துட்டா?"

"வாயைக் கிழிச்சுடுவேன்."

அம்மா மருந்து போட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், பகலாக இல்லாவிட்டாலும் குழல்விளக்கு வெளிச்சத்தில் அக்காவும் பார்த்தாள். அதனால்தான் பதிலுக்குச் சண்டை போடவில்லை. அப்புறம் துணி மடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "வாலு, அந்த வேலை போச்சுன்னா எனக்குப் பகலும் போன மாதிரிதான்."

"டார்ச் எடுத்துட்டுப் போயேன்க்கா."

"எல்லாருக்கும் பளபளன்னு தெரியுற நேரத்துல நான் டார்ச் அடிச்சுக்கிட்டு நடந்தா, கண்ணு போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. மூளை போச்சுன்னுதான் சொல்வாங்க."

கைப்பிடித்துக் கூட்டிவர நான் போயிருக்கலாம். ஆனால் விளக்கு எரியும் நேரம்தான் எனக்கு வேலை நேரம். தெருவிளக்குப் பணிமனையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பகலில் மேசையில் உட்கார்ந்து சென்சார்களைச் சோதிப்பது, சாயங்காலம் ஏணி வண்டியில் ஏறி எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்து வருவது. சென்சார் என்று நாங்கள் சொல்வதே இல்லை. கண் என்போம். "அந்த முக்குக் கம்பத்துக்குக் கண்ணு போச்சு", "புதுக் கண்ணு ரெண்டு எடுத்துப் போடு". இப்படிப் பேசிக்கொண்டிருப்பதைப் பேருந்தில் யாராவது கேட்டால் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார்கள்.

கண் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா. பக்கவாட்டில் சின்ன ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நெளிநெளியாகக் கோடு போட்ட ஒரு துண்டு. உலோகத்தைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடவும் செய்யாது, கண்ணாடியைப் போல ஒரேயடியாக மறுக்கவும் செய்யாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பொருள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துகிடக்கும் வீட்டைப் போன்றது அது. உள்ளே எலெக்ட்ரான்கள் நிறையவே இருக்கின்றன, ஒன்றும் எழுந்து நடக்காது. வெளிச்சம் வந்து அழைப்புமணியை அடித்தால் எழுந்துகொள்ளும், நடமாடும், அந்த நடமாட்டம்தான் மின்சாரம். வெளிச்சம் கூடினால் நடமாட்டமும் கூடும். வெளிச்சம் போனால் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் போய்ச் சாயும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பகலில் அந்த மின்சாரம் டப்பாவுக்குள் இருக்கும் சுவிட்சைப் பிடித்து இழுத்து விளக்கை அணைத்தே வைத்திருக்கும். நடமாட்டம் ஓய்ந்ததும் பிடி தளரும், விளக்கு எரியும். வெளிச்சத்தைக் கண்டால் விளக்கை அணைக்கும், இருட்டைக் கண்டால் ஏற்றும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் படித்து வேலைக்கு வந்தவள்தான், இருந்தும் டப்பாவுக்குள் அந்தச் சின்ன ஓசை 'டக்' என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், யாரோ தூரத்து ஊரில் எனக்காகக் கதவு திறந்ததுபோல இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் அக்காவைப் பணிமனைக்குக் கூட்டிப் போனேன். சோதனை அறையின் கதவைச் சாத்திவிட்டு அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரே அட்டையில் ஒரு பெரிய எழுத்து. மேலே ஒரு பல்பு, அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ்.

"குறைச்சுக்கிட்டே வரேன். எழுத்து எப்ப மறையுதோ, அப்ப சொல்லு."

"இது என்ன, உங்க ஆபீசுல என்னைப் பொண்ணு பாக்குற சடங்கா?"

"பேசாம எழுத்தைப் பாருக்கா."

குமிழைத் திருப்பிக்கொண்டே வந்தேன். எனக்கு எழுத்து நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. "போச்சு" என்றாள் அக்கா. குமிழில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இன்னும் திருப்பினேன். இன்னும். மேசை மேல் இருந்த கண் ரொம்ப நேரம் கழித்துத்தான் 'டக்' என்றது. அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் அக்கா தினமும் சந்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் அவள் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நான் பெரிசுன்னு நெனச்சேன்."

கார் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிம் ஒரு துண்டு என்னிடம் இருந்தது. கண்ணின் ஜன்னல்மேல் ஒரு சுற்றுச் சுற்றினேன். 'டக்' கொஞ்சம் முன்னால் வந்தது. இரண்டாவது சுற்றில் அச்சாக அக்காவின் கோட்டில் வந்து நின்றது. உள்ளே விழும் வெளிச்சம் குறைந்தால் அதற்குச் சீக்கிரம் இருட்டிவிடும். அக்காவுக்கு எப்போது இருட்டுகிறதோ, அப்போது.

"உன் கண்ணை நம்ம கம்பத்துல மாட்டப்போறேன்க்கா."

"பாவம் அந்தக் கம்பம்" என்றாள்.

ஏணி வண்டி ஓட்டுகிறவரை எல்லோரும் கொக்கு என்பார்கள். நெட்டையான மனிதர், ஏணியின் உச்சியில் ஒற்றைக்காலில் நின்று வேலை செய்வார். படி இல்லாத மறுமுனை வழியாக, சுவரில் பெயின்ட் உரசாமல் எங்கள் சந்துக்குள் வண்டியை விடக்கூடிய ஒரே ஆள். எங்கள் விளக்கின் கண் மாற்றவேண்டிய முறையும் அந்த வாரம்தான் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் ஜன்னல் தங்கச்சி? சுத்திச் சுத்தி ஒரே கறுப்பா இருக்கு."

"இந்தப் பக்கம்னு நினைக்கிறேன் அண்ணே."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன்."

டப்பாவின் தலையில், ஜன்னல் இருக்கும் பக்கத்தைக் காட்டும் ஒரு அம்புக்குறி இருக்கும். அது விளக்குக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்து நிற்கவேண்டும். பணிமனையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் அது. ஃபிலிம் பிரிந்துவிடக்கூடாது என்று தலையையும் சேர்த்து இழுத்து ஒட்டியபோது, அம்புக்குறியின் மேலேயே ஒட்டியிருந்தேன். வண்டிக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி வழி கேட்டு ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. கொக்கு அண்ணன் டப்பாவை மாட்டித் திருகிவிட்டு இறங்கினார்.

அன்று சாயங்காலம் எங்கள் சுற்று வேறு பக்கம். நான் அவரைக் கெஞ்சினேன். "ஒரே ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடலாம் அண்ணே." அவர் அலுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அக்காவின் பேருந்து எங்களுக்கு எதிரே போனது. சந்தின் முனையில், படிகளுக்கு மேலே, வண்டியை நிறுத்தினார்.

வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது! நான் கொக்கு அண்ணனின் தோளில் அடித்தேன். அடித்த கையை எடுப்பதற்குள் அது அணைந்தது.

கொஞ்ச நேரம் அணைந்தே இருந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

ஜன்னலைத் தப்பான பக்கம் வைத்து மாட்டியிருக்கிறோம். கண் விளக்கைப் பார்த்து நிற்கிறது. இருட்டியதும் விளக்கை ஏற்றுகிறது. ஏற்றிய விளக்கின் வெளிச்சம் அதன்மேலேயே விழுகிறது. ஓ, விடிந்துவிட்டது என்று அணைக்கிறது. உள்ளே நடமாட்டம் ஓய்ந்ததும், அடடா, இருட்டு என்று மறுபடி ஏற்றுகிறது. தன் வெளிச்சத்தைத் தானே பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தது.

கீழே சந்து முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தையல்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி விளக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "நூல் கோக்கப் போனா அணையுது, கையை எடுத்தா எரியுது! என்ன, என்கூட விளையாடுதா?" எதிர்வீட்டு மாடியிலிருந்து டீச்சர் எட்டிப்பார்த்தார். "முழிச்சு முழிச்சுப் பாக்குது, பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!"

படி முடிகிற இடத்தில், சாக்கடைக்கு முன்னால், அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில். ஒரு கால் கீழ்ப்படியில், ஒரு கால் காற்றில். விளக்கு எரிந்தபோது நம்பி இறங்கியிருக்கிறாள். அணைந்ததும், இருந்த இருட்டைவிடப் பெரிய இருட்டு. அடுத்த அடியில் சாக்கடையா, தரையா?

நான் கதவைத் திறந்தேன். கொக்கு அண்ணன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தார். "கொஞ்சம் இரு. அவரு போறாரு பாரு."

தையல்காரர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு அக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் குரல் நல்லபடியாக இல்லை. "என்னம்மா, அங்கேயே நின்னுட்ட? வழி விடணுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிடுவ?"

அக்கா முகத்தை அவர் பக்கமாக, ஆனால் கொஞ்சம் தப்பான இடத்துக்கு, திருப்பினாள்.

"அண்ணே, நீங்க எங்க நிக்கிறீங்க?"

"என்ன கேலியா? உன் எதிர்லதானே நிக்கிறேன்."

விளக்கு எரிந்து, அணைந்தது. அக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அது எனக்கு அத்தனை தூரத்திலும் தெரிந்தது.

"எனக்குத் தெரியல அண்ணே. சாயங்காலம் ஆனா எனக்குக் கண்ணு தெரியாது."

 தையல்காரர் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் தினமும் தலையாட்டினது?"

"தலையாட்டினீங்களா?"

"நீ வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து ஆட்டிக்கிட்டிருக்கேன்! பதிலுக்கு ஒரு சிரிப்புக்கூட இல்லாம சுவரைத் தடவிக்கிட்டே போவ."

"கொஞ்சம் சத்தமா ஆட்டியிருக்கணும் அண்ணே."

முதலில் சிரித்தது மாடி டீச்சர்தான். "ஐயோ, இந்தப் பொண்ணுக்குத் தலைக்கனம்னு நாங்க எல்லாம் பேசிக்கிட்டோமே!"

"அதுவும் கொஞ்சம் இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா.

தையல்காரர் கடைக்குள் ஓடி, தையல் மெஷின் மேல் தொங்கும் விளக்கை வயரோடு இழுத்துக்கொண்டு வந்தார். சாக்கடை ஓரத்தில் அதைத் தாழப் பிடித்தார். "இப்ப?" "இப்பத் தெரியுது." டீச்சர் மாடி விளக்கைப் போட்டார். அடுத்த வீட்டில் வாசல் விளக்கு. அதற்கடுத்த வீட்டிலும். தையல்காரரின் வயர் தீர்ந்த இடத்தில் டீச்சர் கீழே இறங்கி டார்ச்சோடு நின்றிருந்தார். அவர்கள் எல்லோரும் அக்காவோடு எங்கள் வீட்டு வாசல்வரை நடந்தார்கள்.

அம்மா கதவைத் திறந்து பார்த்து மிரண்டுபோனாள். "என்ன, ஊர்வலமா? விழுந்துட்டாளா?"

"விழலம்மா" என்றாள் அக்கா. "இத்தனை பேரு நடுவுல விழறதுக்கு இடம் எங்க இருக்கு?"

 அம்மா உள்ளே போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாசலில் போட்டாள். எங்களிடம் இருந்தவை போதாமல், கடைசியில் குளியலறை முக்காலியையும் கொண்டுவந்தாள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கொக்கு அண்ணன் கண்ணாடி துடைக்கும் துணியை நீட்டினார். "துடைச்சுக்க. பெட்ரோல் வாசனை இல்லாத பக்கமா பார்த்துத் துடை."

மறுநாள் இன்ஜினியர் மேடம் டப்பாவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும், அதை அவர் உருவினால் கோபம் என்று அர்த்தம். அன்று உருவினார். பென்சில் நுனியால் ஃபிலிமைக் கிளப்பினார்.

"இது என்ன, கூலிங் கிளாஸா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழில் போட்ட இரண்டு கோடுகளையும் காட்டினேன். அவர் குனிந்து அந்த இடைவெளியில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"அம்புக்குறி மேல ஒட்டியிருக்கியே, அதுக்குத்தான் எனக்குக் கோபம்" என்றார். "ஆஸ்பத்திரி வாசலுக்குன்னு நாம போடுற மாடல்ல திருகாணி இருக்கும், எந்த வெளிச்சத்துல எரியணும்னு வெச்சுக்கலாம். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. தெருக்காரங்க யாராவது வந்து காரணம் சொன்னாப் போதும்."

"யாருக்கும் தெரியவேண்டாம்னு அக்கா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். இனி அதைச் சொல்வதில் பொருளில்லை.

அக்கா சாப்பாட்டு இடைவேளையில் தானே வந்து காரணம் சொன்னாள். ஒரு தடவை வாயைத் திறந்தபிறகு மூடவில்லை. அன்றைக்கே கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "இது இல்லேன்னா எனக்குப் பகல்லயே ஒண்ணும் தெரியாது. போய் வேலையைப் பாரும்மா" என்றாராம். ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அம்மா முழுக்குப் போடும் பேச்சையே எடுக்கவில்லை. "நாளைக்குக் குடை எடுத்துட்டுப் போ, மழை வரும்போல இருக்கு" என்றாள். நாளைக்கும் வேலைக்குப் போகிறவளிடம் மட்டும் சொல்கிற சொல் அது.

புதுக் கண்ணை நானே திருகாணி திருப்பி, அக்காவின் கோட்டுக்குச் சரியாக வைத்தேன். அம்புக்குறியைக் கொக்கு அண்ணனிடம் மூன்று தடவை காட்டினேன். "போதும் தங்கச்சி, கனவுலயும் அம்புதான் வரும்" என்றபடி ஏறி மாட்டினார். விளக்குக்கு முதுகைக் காட்டி, எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி, அது ஒழுங்காக உட்கார்ந்தது.

சில நாளிலேயே தையல்காரர் வண்டியை மறித்தார். "என்னப்பா, புதுசு போட்டீங்க, பழசைவிட மோசமா இருக்கு! இருட்டி எவ்வளவு நேரம் ஆகியும் எரிய மாட்டேங்குது."

கொக்கு அண்ணன் இறங்கிச் சந்தைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா வரும் நேரம். தையல்காரரின் மெஷின் விளக்கு சாக்கடைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பத்துக்கு நேர் எதிரே டீச்சரின் மாடி விளக்கு. அந்தப் பக்கம் வாசல் விளக்குகள் வரிசையாக.

"இப்படித் தெரு முழுக்க விளக்கைப் போட்டு வெச்சா, பாவம், அதுக்கு எங்கேருந்து இருட்டும்?"

"அப்ப நாங்க அணைச்சுடணுமா?" தையல்காரரின் முகம் விழுந்துவிட்டது.

கொக்கு அண்ணன் என்னைப் பார்த்தார்.  திருகாணி திருப்பியதெல்லாம் வீண் என்று வருத்தப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"வேண்டாம் அண்ணே" என்றேன். "அது மெதுவா எரியட்டும்."

என் விடுமுறை நாட்களில் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். மடியில் ஏதாவது ஒரு நாவல் இருக்கும், அதில் எங்கோ பனி பெய்துகொண்டிருக்கும். பேருந்து நிற்கும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைக் கவிழ்த்துவிடுவேன். அக்கா படிகளில் சுவரைத் தொடாமல் இறங்கி வருவாள். தையல்காரர் தலையாட்டுவார், கூடவே "தலையாட்டறேம்மா!" என்று சத்தமும் போடுவார். அவளும் ஆட்டுவாள். அவள் தாண்டிப் போகப்போக, அவளுக்குப் பின்னால் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கடைசியில் டீச்சர் மாடி விளக்கை அணைப்பார். சந்து கொஞ்ச நேரம் மங்கிக் கிடக்கும். உள்ளே எல்லாம் ஓய்ந்து அடங்குவதற்கு அந்தக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் அல்லவா? அதற்குள் அக்கா செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள்.

"எரிஞ்சுதா?" என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்பாள்.

"இரு. இப்பத்தான் அதுக்கு இருட்டுது."